இல்லமே பயிற்சிக்களம்



இறைவன் மனிதனுக்கு வழங்கிய அருட்கொடைகளுள் இரண்டின் அருமையை மக்களிற் பெரும்பாலோர் உணர்வதில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அவை உடல்நலமும் ஓய்வு நேரமும் ஆகும். இவ்விரண்டையும் அண்ணலார் ஏன் இணைத்துச் சொன்னார்கள் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். உடல்நலம் இருக்கும்பொழுது அதனைப் பேண நேரமில்லை என்கிறோம். நலம் போன பின்னரோ, மருத்துவமனை வாயிலில் நாள்முழுதும் காத்துக் கிடக்க நமக்கு நேரம் கிடைத்துவிடுகிறது! ஓய்வு நேரத்தின் ஒரு சிறு பகுதியை முதலீடாக்கி உடல்நலத்தை ஈட்டிக் கொள்ளத் தெரியாமையே நம் இழப்பிற்குக் காரணம்.

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்னும் பழமொழியைப் பள்ளிச் சுவர்களில் எழுதி வைத்தோம். வாழ்க்கையில் எழுதிக் கொள்ள மறந்தோம். உடற்பயிற்சி என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவன விளையாட்டுத் திடலும், அங்கே ஓடும் இளைஞர்களும், கட்டணம் செலுத்திச் சேரும் பயிற்சிக் கூடங்களுமே. ஆகவே நம் தாய்மாரும் தந்தையரும் முதியோரும் அது தமக்குரியதன்று என ஒதுங்கி நிற்கின்றனர். இந்நிலை மாற வேண்டும். உடற்பயிற்சிக்கு ஏற்ற முதல் இடம் நம் இல்லமே. அங்கே அதற்கு முதல் உரிமையுடையவர் நம் வீட்டுப் பெண்களே என்பது இக்கட்டுரையின் துணிபு.

நெய்தல் நிலத்து உழைப்பு

ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெறச் செல்லும் பாணர்க்கு வழிகூறும் நூல் சிறுபாணாற்றுப்படை என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். அந்நூல் குறிப்பிடும் எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணத்தை ஒட்டிய கடற்கரைப் பகுதி என்றும், கிடங்கிலைத் திண்டிவனத்தைச் சார்ந்த பகுதி என்றும் ஆய்வாளர் கொள்வர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நெடுவழியில், மலைமேல் பழங்கோயிலையும் கோட்டைச் சிதைவுகளையும் தாங்கி நிற்கிறது பெருமுக்கல். அன்று பாணர் கூட்டம் குழந்தை குட்டிகளுடன் யாழையும் சுமந்துகொண்டு கால்நடையாகவே இந்நிலத்தைக் கடந்தது. அவர்க்கு நடைப்பயிற்சி என்றொரு சொல் தேவைப்படவில்லை. நடையே அவர்தம் வாழ்க்கையாக இருந்தது.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் அளவறிந்து உண்ணுதலையும், முன் உண்டது செரித்தபின் உண்ணுதலையும் வற்புறுத்துகிறாரேயன்றி உடற்பயிற்சி பற்றித் தனியே ஒன்றும் கூறவில்லை. அக்காலத்து மக்களுக்கு அதனை எடுத்துரைக்க வேண்டிய தேவை இல்லாதிருந்தது காரணமாகலாம். ஏரும் ஏற்றமும் உரலும் உலக்கையும் அவர்தம் உடலை நாள்தோறும் இயக்கின.

இப்பகுதியின் உழைப்பை இன்றும் காண விரும்புவோர் மரக்காணத்து உப்பளங்களுக்குச் செல்லலாம். பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தி, உவர்நீரைத் தேக்கி, வெயிலில் வற்றச் செய்து, திரண்ட உப்பைப் பலகையால் வாரிக் குவித்து, கூடையில் நிரப்பித் தலைச்சுமையாகக் கரை சேர்ப்பர். கீழே உப்பு நீர் காலை அரிக்கும். மேலே கதிரவன் தலையைச் சுடுவான். வெண்மையின் கூச்சம் கண்ணைத் தாக்கும். இத்துணைக்கும் ஈடு கொடுத்து உழைக்கும் ஆடவரும் பெண்டிரும் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் வாரிய உப்பில்தான் நம் வீட்டுக் கஞ்சி சுவைக்கிறது.

ஒரே தலைமுறையில் நேர்ந்த மாற்றம்

உப்பளத்திலும் வயலிலும் கல்லுடைக்கும் இடத்திலும் உழைத்த அப்பெற்றோரின் பிள்ளைகளே இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். கல்வி அவர்களை வெயிலிலிருந்து நிழலுக்குக் கொணர்ந்தது. இது போற்றத்தக்க வெற்றி. இதனைக் குறை கூறுவோர் யாரும் இல்லை. ஆயினும், பல்லாயிரம் ஆண்டுகள் உழைத்துப் பழகிய உடல், ஒரே தலைமுறையில் நாற்காலிக்கு மாறியபொழுது, அதற்கேற்ற ஈடு ஒன்றையும் நாம் செய்யவில்லை. தந்தை தலையில் மூட்டை சுமந்தார். மகன் கடைத்தெருவுக்கு இருசக்கர வண்டியில் செல்கிறான். ஆனால் தந்தைக்குப் போதுமானதாக இருந்த அதே அளவு சோறு மகனின் தட்டிலும் விழுகிறது.

இல்லங்களிலும் இம்மாற்றமே நிகழ்ந்தது. அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் புழக்கடைக்குப் போயின. தமிழக அரசு 2006ஆம் ஆண்டில் தொடங்கி வீடுதோறும் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வழங்கியது. 2011ஆம் ஆண்டில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டம் தொடங்கிற்று. ஏழைத் தாய்மாரின் தோள்வலியைக் குறைத்த இக்கருவிகளை நாம் பழிப்பது நன்றிகெட்ட செயலாகும். மாவரைக்கும் கல்லிடம் பெண்களைத் திரும்பப் போகச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. கருவிகள் மிச்சப்படுத்திய நேரம் எங்கே போயிற்று என்பதே நம் வினா. அண்ணலார் குறிப்பிட்ட ஓய்வு நேரம் என்னும் அருட்கொடை நம் வாயிலுக்கே வந்தது. அதனை முதலில் தொலைக்காட்சித் தொடர்கள் உண்டன. இப்பொழுது கைப்பேசி உண்கிறது.

விளைவு யாது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் நீரிழிவு நோயுடையோர் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கும், நமக்கு அடுத்துள்ள புதுச்சேரியில் 26.3 விழுக்காட்டினருக்கும் இந்நோய் இருப்பதாக அவ்வாய்வு காட்டிற்று. அஃதாவது, புதுச்சேரியில் நால்வரை நிறுத்தினால் ஒருவர் சர்க்கரை நோயாளர். குருதி அழுத்தமோ நாட்டில் மூவரில் ஒருவருக்கு மேல் உள்ளது. இவற்றுக்கு உணவும் மரபும் மன அழுத்தமும் காரணங்களாம். எனினும் உடலியக்கக் குறைவும் அவற்றோடு சேர்ந்து நிற்கும் காரணம்.

உழைப்பும் பயிற்சியும்

இயங்கும் உடலுக்கும் இயங்கா உடலுக்கும் உள்ள வேறுபாட்டை முதன்முதலில் எண்களால் நிறுவியவர் இலண்டன் மருத்துவ அறிஞர் ஜெர்ரி மோரிஸ். இலண்டன் நகரத்து மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள்முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்க மேலும் கீழும் படியேறி இறங்கிக் கொண்டிருப்பார். இருவரும் ஒரே வண்டியில், ஏறத்தாழ ஒரே ஊதியத்தில் பணியாற்றுவோர். ஆயினும் நடத்துநர்களைக் காட்டிலும் ஓட்டுநர்களுக்கே மாரடைப்பு மிகுதியாக வந்ததை 1953ஆம் ஆண்டில் மோரிஸ் வெளியிட்டார். படிக்கட்டு நடத்துநரின் இதயத்தைக் காத்தது! தாமும் உடற்பயிற்சியைக் கைவிடாத அவ்வறிஞர் 2009ஆம் ஆண்டில் தம் 99ஆம் வயதில் மறைந்தார்.

அங்ஙனமாயின், நாள்முழுதும் உழைக்கும் உப்பளத் தொழிலாளிக்கும், வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் தனியே பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். இவ்வினாவை நம் பெரியோர் பலர் உண்மையாகவே கேட்கின்றனர். விடை கூறுவது கடமை. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடலியக்கம் இதய நோயைக் குறைப்பதையும், பிழைப்புக்காகச் செய்யும் கடும் உடலுழைப்பு அவ்வாறு குறைக்காததோடு இடரை மிகுவிப்பதையும் கண்டனர். காரணம் உணரத்தக்கதே. பயிற்சி சிறிது நேரம் உடலை முடுக்கிப் பின்பு ஓய்வளிக்கிறது; எல்லா உறுப்புகளையும் மாறி மாறி இயக்குகிறது. கூலியுழைப்போ ஒரே உறுப்பை மணிக்கணக்கில் வருத்துகிறது. களைத்தபோது நிறுத்தும் உரிமையும் தொழிலாளிக்கு இல்லை. உப்பள வெயிலில் அவ்வுழைப்பு சிறுநீரகத்தையும் தாக்குகிறது.

ஆகவே உழைப்பாளிக்கு வேண்டுவன நிழலும் நீரும் ஓய்வும், வளைந்த முதுகை நிமிர்த்தும் சில நீட்சிப் பயிற்சிகளும். நாற்காலியில் அமர்வோர்க்கு வேண்டுவன மூச்சை விரைவுபடுத்தும் நடையும் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும். இல்லத்துப் பெண்ணுக்கோ இவ்விரண்டும் வேண்டும். ஏனெனில் அவள் நாள்முழுதும் நிற்கிறாள், ஆனால் நடப்பதில்லை. குனிகிறாள், ஆனால் நிமிர்ந்து மூச்சு விடுவதில்லை. வேலை ஓய்வதில்லை, நெஞ்சு விரைந்து துடிக்கும் இயக்கமும் கிட்டுவதில்லை. மாலையில் அவள் அடையும் களைப்பை நாம் உடற்பயிற்சி என்று கணக்கில் எழுதிவிடுகிறோம்.

தொழுகையே போதாதா?

இன்னொரு வினாவும் நம் சமுதாயத்தில் எழுவதுண்டு. நாளொன்றுக்கு ஐந்து வேளை நின்றும் குனிந்தும் சிரம் பணிந்தும் தொழுவோர்க்கு வேறு பயிற்சி வேண்டுமா என்பது அது. தொழுகையில் உடல் அசைவுகள் அமைந்திருப்பதும், அதனால் மூட்டுகள் இளகுவதும் உண்மையே. மேடைதோறும் இதனைப் பேசி மகிழ்கிறோம். ஆயினும் தொழுகை இறைவனுக்கு அடியான் செலுத்தும் வணக்கம். அதனை உடற்பயிற்சியாகச் சுருக்கிக் கூறுதல் வணக்கத்தின் மாண்பைக் குறைப்பதாகும். பயிற்சியின் தேவையை மறைப்பதும் ஆகும். அமைதியாக, நிறுத்தி நிதானமாகத் தொழ வேண்டும் என்பதே மார்க்கம் கற்பிக்கும் ஒழுங்கு. மூச்சு வாங்கும் விரைவு அதற்கு ஆகாது. உடற்பயிற்சிக்கோ சிறிதேனும் மூச்சு விரைதல் வேண்டும். இரண்டும் வேறு, இரண்டும் தேவை.

மேலும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே தொழுகையோடு நில்லாமல் உடல் வலிமையையும் விரும்பினார்கள். வலிமையுள்ள நம்பிக்கையாளர் வலிமை குறைந்த நம்பிக்கையாளரினும் இறைவனுக்கு உவப்பானவர், எனினும் இருவரிடத்தும் நன்மை உண்டு என்பது அவர்களது அறிவுரை. இடைவிடாது நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கிய இளந்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உம் உடலுக்கும் உம்மிடம் செலுத்த வேண்டிய உரிமை உண்டு என்று உணர்த்தினார்கள். வணக்கத்தின் பெயராலும் உடலின் உரிமையைப் பறிக்கலாகாது எனின், சோம்பலின் பெயரால் பறிக்கலாமோ?

இசுலாமிய மருத்துவப் பேரறிஞர் இப்னு சீனா தம் மருத்துவப் பெருநூலான அல்கானூனில், நலம் பேணும் முறைகளை வகுக்குமிடத்து உடற்பயிற்சி, உணவு, உறக்கம் என்னும் மூன்றனுள் உடற்பயிற்சியை முன்னிறுத்தினார். 1037ஆம் ஆண்டில் மறைந்த அவர், வலுவுடையோர்க்கு வேறு, மெலிந்தோர்க்கு வேறு எனப் பயிற்சியைத் தரம் பிரித்தும் காட்டினார். இந்த மரபுச் செல்வத்தின் வாரிசுகளாகிய நாம் அதனை நூலகத்து அலமாரியில் பூட்டி வைக்கலாமா?

பெண்களுக்குரிய அரைமணி

உலக நலவாழ்வு நிறுவன ஆய்வாளர் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் வயது வந்த பெண்களுள் ஏறத்தாழ 57 விழுக்காட்டினரும், ஆண்களுள் ஏறத்தாழ 42 விழுக்காட்டினரும் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். வீட்டுவேலையையும் சேர்த்தே எண்ணப்பட்ட கணக்கு இது. பெண்ணின் பங்கு மிகுந்திருப்பது எதனால்? ஆண்மகன் அதிகாலையில் கடற்கரைச் சாலையிலோ ஊர்ப்புறத்திலோ நடந்துவிட்டு வரலாம். பெண்ணுக்கோ இருட்டும் தடை, ஊரார் கண்ணும் தடை, அடுப்பும் தடை, அழும் குழந்தையும் தடை. நடைப்பயிற்சிக்கு வருக என்று பொதுவாக அழைத்தால் அவ்வழைப்பு பாதிப் பேரைச் சென்றடைவதில்லை. பயிற்சி அவள் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். அதனால்தான் இல்லமே பயிற்சிக்களம் என்கிறோம்.

பெண்ணுக்கு உடற்பயிற்சி தகுமா என ஐயுறுவோர் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வரலாற்றைப் படிக்கட்டும். பயணம் ஒன்றின்போது அண்ணலார் தம் துணைவியாருடன் ஓட்டப் போட்டி வைத்தார்கள், அன்னையார் வென்றார்கள். பின்னொரு காலத்தில் அன்னையாரின் உடல் சற்றுப் பருத்திருந்த வேளையில் மீண்டும் ஓடினார்கள். அம்முறை அண்ணலார் வென்று, முன்னைய தோல்விக்கு இது ஈடு என்று நகைத்தார்கள். கணவனும் மனைவியும் இணைந்து ஓடி விளையாடிய இந்நிகழ்ச்சியைவிடச் சிறந்த முன்மாதிரி நமக்கு எங்கே கிடைக்கும்?

இல்லத்தில் பயிற்சி செய்ய ஒரு பாயின் இடம் போதும். குறையாக இருப்பது நேரம். அந்த அரைமணி நேரத்தை அவளுக்குத் தர வேண்டியவர் யார்? கணவனும் மகனும் மகளுமே. அண்ணலார் வீட்டிலிருக்கும்பொழுது குடும்பத்தார்க்குத் தொண்டு செய்து கொண்டிருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து செல்வார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். இந்த நபிவழியைப் பின்பற்றி, மாலையில் ஓர் அரைமணி நேரம் நாமே பாத்திரம் கழுவினால், குழந்தையைப் பார்த்துக் கொண்டால், நம் தாய்க்கும் மனைவிக்கும் அந்நேரம் கிடைக்கும். தாயின் காலடியில் சுவனம் இருப்பதாக உருகிப் பேசும் நாம், அக்கால்கள் வலுவோடு நடக்க ஓர் அரைமணி நேரம் கொடுப்பதற்கு ஏன் தயங்க வேண்டும்?

நம் அருகிலேயே சான்றுகள்

இவை வெறும் அறிவுரைகள் அல்ல. நம் மண்ணிலேயே பயன் கண்டவை. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவு வரும் நிலையிலிருந்த 531 பேரைக் கொண்டு ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆய்வு நடத்தி 2006ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. நாள்தோறும் அரைமணி நேர விரைநடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டோரில் ஏறத்தாழ 39 விழுக்காட்டினருக்கே வந்தது. மருந்து கொடுத்துப் பெற்ற பயனுக்கு இது குறைந்ததன்று.

மரக்காணத்துக்கு வடக்கே, செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ளது சூணாம்பேடு. மருத்துவர் வி. மோகன் அவர்களின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் 2006ஆம் ஆண்டு முதல் அவ்வூரையும் சுற்றியுள்ள 42 சிற்றூர்களையும் உள்ளடக்கி, செயற்கைக்கோள் தொடர்புடைய மருத்துவ ஊர்தி ஒன்றைக் கொண்டு நீரிழிவைக் கண்டறிந்து தடுக்கும் திட்டத்தை நடத்தினர். நீரிழிவு நகரத்தார் நோய், நம் சிற்றூர்களில் அதற்கு இடமில்லை என்ற எண்ணம் எத்துணைத் தவறானது என்பதை அவ்வூர்தி நம் கடற்கரைப் பகுதி மக்களுக்கு உணர்த்திற்று. அதே குழுவினர் சென்னையில் நடத்திய வேறொரு தொடராய்வில், ஒரு குடியிருப்பின் மக்கள் விழிப்புணர்வு பெற்றுத் தாமே பணம் திரட்டிப் பூங்கா அமைத்தனர். முறையாக உடற்பயிற்சி செய்வோர் அங்கே 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 விழுக்காடாக உயர்ந்தனர். பிறர் வந்து செய்து தருவார் எனக் காத்திராத ஊர் இது.

வீட்டிலேயே செய்யும் பயிற்சிக்கு முதியோர்வழிச் சான்றும் உண்டு. நியூசிலாந்து நாட்டின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 1990களில், பயிற்றுநரை முதியோரின் வீட்டுக்கே அனுப்பிக் கால்வலுவுக்கும் உடற்சமநிலைக்கும் உரிய எளிய பயிற்சிகளைக் கற்பித்தனர். வாரம் மும்முறை அரைமணி நேரம் அவற்றைச் செய்ததனால் முதியோர் தவறி விழுதல் ஏறத்தாழ 35 விழுக்காடு குறைந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையிலேயே மறைந்த பாட்டியர் எத்தனைபேர் என்று நம் ஊர்களில் எண்ணிப் பார்த்தால் இதன் பெருமை விளங்கும்.

வீட்டில் செய்யத்தக்கவை

வாரத்துக்கு 150 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கமும், வாரத்தில் இருநாளேனும் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வகுத்துரைத்தது. நாளைக்கு அரைமணி, வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் கணக்கு நேராகிவிடும். அதனையும் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக் கொள்ளலாம். பயிற்சியின்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாதிருக்க வேண்டும். அதுவே மிதமான வேகத்தின் அளவுகோல்.

முற்றத்திலோ மொட்டை மாடியிலோ விரைந்து நடக்கலாம். இடமில்லையேல் நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி நடக்கலாம். நாற்காலியில் அமர்ந்து, கைகளை ஊன்றாமல் எழுந்து, மெல்ல அமர்தல் தொடைக்கு வலுவூட்டும். பத்துமுறை முடியாதவர் ஐந்துமுறை செய்க. சுவரில் கைகளை ஊன்றிச் சாய்ந்து நிமிரும் சுவர்த் தண்டால் தோளுக்கும் மார்புக்கும் உரியது. இளைஞர் தரையில் தண்டாலும் பஸ்கியும் எடுக்கலாம். சுவரைப் பற்றிக் கொண்டு குதிகாலை உயர்த்தித் தாழ்த்தலும், ஒற்றைக் காலில் சில நொடிகள் நிற்றலும் முதியோர்க்கு இன்றியமையாதன. இறுதியில் தோள், முதுகு, பின்தொடை ஆகியவற்றை மெல்ல நீட்டி முடிக்கலாம். விலைகொடுத்து வாங்கும் கருவி எதுவும் வேண்டுவதில்லை. வாங்கிய நடைப்பொறி சில வீடுகளில் துணி உலர்த்தும் கொடியாகப் பயன்படுவதை நாம் காணாமலில்லை!

உணவுக்குப் பின் பத்து நிமிடம் நடத்தல் சர்க்கரை நோயாளர்க்குப் பெரிதும் நன்மை தரும். இயங்கும் தசை, இன்சுலின் துணையின்றியும் குருதியிலுள்ள சர்க்கரையை உள்வாங்கிக் கொள்ளும் ஆற்றலுடையது. உண்டவுடன் சாய்ந்து படுப்பவரின் தசையோ அச்சர்க்கரையை வாயிலிலேயே காக்க வைக்கிறது.

எச்சரிக்கைகளும் உண்டு. நெஞ்சுவலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். இதய நோயாளரும், கருவுற்ற பெண்களும், இன்சுலின் போட்டுக் கொள்வோரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குக. சர்க்கரைக்கு மருந்துண்போர் வியர்வையும் நடுக்கமும் கண்டால் உடனே இனிப்பு உண்ண வேண்டும். காலில் புண் வராமல் காலணியணிந்தே நடக்க வேண்டும். ரமலான் மாதத்தில் வெயில் நேரத்துக் கடும்பயிற்சி ஆகாது. நோன்பு திறப்பதற்குச் சற்று முன் இலேசான பயிற்சியோ, இரவில் உணவு செரித்த பின் நடையோ போதும். நோன்பைக் காரணங்காட்டி மாதம் முழுதும் அசையாதிருத்தலும், இரவில் எண்ணெய்ப் பண்டங்களால் வயிற்றை நிரப்புதலும் நோன்பின் நோக்கத்துக்கே மாறானவை.

ஒரு வேண்டுகோள்

சமுதாயப் பெரியோர்களே! நம் ஜமாஅத்துகள் மருத்துவ முகாம்கள் நடத்துகின்றன. சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு நிதி திரட்டித் தருகின்றன. இவை பேரறங்கள். அந்நிதியைத் திரட்டும் அதே கைகள், அந்நோய் வாராமற் காக்கவும் முயலலாகாதா? வெள்ளிக்கிழமை உரையில் ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் உடலின் உரிமை பற்றிப் பேசச் செய்யுங்கள். மகளிர் மதரசாக்களில் பாடத்துக்கு முன் பத்து நிமிடம் பெண்களுக்குள்ளேயே பயிற்சி செய்ய ஏற்பாடு செய்யுங்கள். தமிழக அரசு 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து குருதி அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை தருகின்றனர். இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்க வழியுண்டு. மாத்திரையை மட்டும் வாங்கிக் கொண்டு கதவைச் சாத்திவிடாமல், எந்தப் பயிற்சி தமக்கேற்றது என்றும் கேட்கப் பழக்குங்கள்.

ஆசிரியப் பெருமக்களே! வகுப்பில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாணவரை எழுந்து நிற்கச் செய்யுங்கள். கவனம் குலையும் என்று அஞ்ச வேண்டா. அமர்ந்தே உறங்குவோர் விழித்துக் கொள்வர்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் உங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் தலைமுறையினர். உங்கள் படிப்புக்காகப் பெற்றோர் உப்பளத்திலும் வயலிலும் அடுக்களையிலும் தம் உடலைத் தேய்த்தனர். அக்கடனைச் சம்பளத்தால் மட்டும் தீர்த்துவிட இயலாது. நீங்கள் பட்டம் பெற்று வேலையில் அமரும் நாளில், உங்கள் வளர்ச்சியைக் காண அவர்கள் வலுவோடு இருத்தல் வேண்டும். ஆகவே விடுமுறைக்கு வீடு செல்லும்பொழுது இம்மலரில் கூறிய ஐந்தாறு பயிற்சிகளை உம்மாவுக்கும் அத்தாவுக்கும் கற்பியுங்கள், உடனிருந்து செய்யுங்கள். அவர்கள் முதலில் நாணி நகைப்பார்கள். அடுத்த வாரம் தாமே தொடங்குவார்கள்.

ஓய்வு, உடல்நலம் என்னும் இரு கொடைகளையும் பற்றி நாளை இறைவன் நம்மிடம் கேட்பான். நமக்குக் கிடைத்த அரைமணி நேரத்தை எப்படிச் செலவிட்டோம் என்பதோடு, நம் வீட்டுப் பெண்களுக்கு அந்த அரைமணி நேரத்தைக் கொடுத்தோமா என்பதற்கும் விடை சொல்ல வேண்டியிருக்கும். அவ்விடையை இன்று மாலையே நம் வீட்டு முற்றத்தில் தொடங்குவோமாக.